மூன்று லட்ச ரூபாய் போர்ஷே

2024 மே 19 அதிகாலை, புனே நகரின் கல்யாணி நகர்ப் பகுதியில், பதினெட்டு வயது நிறைய இன்னும் சில மாதங்கள் இருந்த ஒரு பையன் ஓட்டிவந்த போர்ஷே டைகன் கார் ஒரு மோட்டார் சைக்கிளை இடித்துத் தள்ளியது. அதில் போன இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். இருவருக்கும் 24 வயது. பையன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியை நண்பர்களோடு கொண்டாடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். காருக்கு நிரந்தரப் பதிவுகூட முடிந்திருக்கவில்லை. சிறார் நீதி வாரியம் அன்றைக்கே ஜாமீன் கொடுத்து, சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொன்னது. நாடு கொதித்துப் போனது. கொதித்ததில் தவறில்லை.

புதுக்கோட்டையில் அந்தச் செய்தியைப் படித்தவர்கள் பெரும்பாலும் அதைப் பணக்கார வீட்டு விவகாரமாகத்தான் பார்த்தார்கள். கோடி ரூபாயைத் தாண்டும் காரை இங்கே யார் பையன் கையில் கொடுக்கப்போகிறார்கள் என்ற எண்ணம். அந்த நிம்மதிக்கு இடமே இல்லை என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும்.

ஒரு வண்டி எவ்வளவு சீறிப் பாயும் என்பதை இன்ஜின் சக்தி மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தச் சக்தி எத்தனை கிலோவை இழுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டைகன் வரிசையின் தொடக்க மாடல் உச்சகட்டத்தில் 300 கிலோவாட் தரும். எடை சுமார் 2,050 கிலோ. ஓட்டுபவரையும் சேர்த்துக்கொண்டால் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 140 வாட். இப்போது கேடிஎம் 390 டியூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 46 குதிரைத்திறன், அதாவது 34 கிலோவாட். வண்டியின் எடை 168 கிலோ. அதில் 60 கிலோ எடையுள்ள பையன் ஒருவன் ஏறி உட்கார்ந்தால், ஒரு கிலோவுக்கு 149 வாட். போர்ஷேயைவிடக் கொஞ்சம் கூடவே. விலை மூன்று லட்சத்தை ஒட்டி வரும், தவணையிலும் கிடைக்கும்.

நம் தெருவில் ஓடும் மற்ற வண்டிகளையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். காய்கறி மூட்டையோடு சந்தைக்குப் போகும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100, கிலோவுக்கு 21 வாட். அப்பா ஓட்டிய ஸ்பிளெண்டர் 34. ஆல்ட்டோ கே10 கார் ஏறக்குறைய 60. எக்ஸ்எல்லில் கடைத்தெருவுக்குப் போய்ப் பழகிய பையன் 390-இல் ஏறும்போது ஏழு மடங்கு வேறுபட்ட ஓர் இயந்திரத்தில் ஏறுகிறான். கைப்பிடி ஒன்றுதான், முறுக்கும் விதமும் ஒன்றுதான். அதனால் வித்தியாசம் அவனுக்குத் தெரிவதில்லை, வீட்டுக்கும் தெரிவதில்லை. ஆகவே அதிவேகக் கார் என்று பேசும்போது, நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை பைக் என்று படித்துக்கொள்வதுதான் சரி. போர்ஷே இடித்தபோது அதற்குள் இருந்தவர்களைச் சுற்றிக் காற்றுப் பையும் இரும்புக் கூடும் இருந்தன. பைக்கில் போகிற பையனுக்கு ஹெல்மெட் இருந்தால் உண்டு.

மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கின்படி, 2023-24-இல் சிறார் வண்டி ஓட்டி நடந்த விபத்துகளில் தமிழ்நாடுதான் முதலிடம்: 2,063. அடுத்த இடத்தில் இருக்கும் மத்தியப் பிரதேசத்தில் 1,138. தமிழ்நாட்டில் வழக்குப் பதிவு ஒழுங்காக நடப்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஆனாலும் இரண்டாயிரம் என்பது சமாதானம் சொல்லிக் கடந்துபோகக்கூடிய எண் இல்லை.

பதின்ம வயதினருக்குப் பொறுப்பு இருக்கிறதா என்று கேட்டால், பெரியவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே கிடையாது என்பது ஒரு கட்சி. என் பையன் தங்கம், அவனை நம்பி எதையும் கொடுக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டுமே பொறுப்பைப் பையனுக்குள் நிரந்தரமாக இருக்கிற ஒரு குணமாக எடுத்துக்கொள்கின்றன. கடந்த இருபத்தைந்து ஆண்டு ஆய்வுகள் சொல்வது வேறு. அந்த வயதில் பொறுப்பு இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறுகிறது. அதே பையன், அதே வண்டி, அதே சாலை. பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அவன் முடிவெடுக்கும் விதமே வேறாகிவிடுகிறது.

இதைக் காட்டிய சோதனை எளிமையானது. 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மூன்று வயதுக் குழுவினரைக் கணினித் திரையில் கார் ஓட்ட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரியும். எந்த நொடியிலும் சிவப்பு விழுந்து எதிரில் சுவர் எழும்பலாம். எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அவ்வளவு புள்ளி. சுவரில் மோதினால் எல்லாம் போயிற்று. தனியாக விளையாடியபோது மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த துணிச்சல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கல்லூரி வயதினருக்கு அதில் பாதியளவு ஏற்றம். 24 வயதைத் தாண்டியவர்களிடம் மாற்றமே இல்லை.

2011-இல் ஜேசன் சீன் என்பவரும் ஸ்டெயின்பெர்க் குழுவினரும் இதே மாதிரி ஓர் ஆட்டத்தை மூளை ஸ்கேன் எடுத்தபடியே நடத்தினார்கள். இந்த முறை நண்பர்கள் பக்கத்தில்கூட இல்லை. அடுத்த அறையில் உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறார்கள் என்ற நினைப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. பதின்ம வயதினரின் மூளையில் பரிசு, பாராட்டு, பரபரப்பு ஆகியவற்றுக்குக் கிளர்ந்தெழும் பகுதி கூடுதலாக வேலை செய்தது. சிக்னல்களை மீறிப் பாய்வதும் கூடியது. பெரியவர்களுக்கு நண்பன் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்றுதான்.

அந்த அடுத்த அறை இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று யோசிக்கிறேன். ஹெல்மெட்டில் ஒட்டிய கேமராவிலும், பின்னால் உட்கார்ந்து வீடியோ எடுக்கும் நண்பனின் கைபேசியிலும் இருக்கிறது. சாலையில் தனியாகப் போகிற பையனையும் ரீல்ஸ் பார்க்கப்போகும் ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் ஓரிரு நண்பர்களுக்கே அந்த விளைவு என்றால், இந்த ஆயிரம் பேரின் விளைவைப் பெற்றோர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூளைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பரபரப்பைத் தேடும் மண்டலம் பருவமடையும் காலத்திலேயே வேகமெடுத்துவிடுகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணிதான் விளைவுகளை எடைபோட்டு உந்துதலை அடக்குகிறது. அதற்கும் மற்ற பகுதிகளுக்கும் இடையிலான நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை படிந்து, செய்திகள் விரைவாகப் போய்வருவது இருபதுகளிலும் தொடர்கிற வேலை. ஜே கீட் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்து இந்த வளர்ச்சியின் வரிசையைப் பதிவு செய்தார். இருபத்தைந்தாவது பிறந்த நாளில் மூளை முதிர்ந்துவிடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அப்படி ஒரு நாள் கிடையாது. ஆளுக்கு ஆள் வேறுபடும், படிப்படியாக நடக்கும்.

இதெல்லாம் அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பொருந்தும், நம் கட்டுப்பாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தது. அந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அவசரம் இல்லாமல், அமைதியாக யோசித்து விடை சொல்லும் திறன் பதினாறு வயதிலேயே ஏறக்குறைய பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. கிளர்ச்சியான நேரத்தில் தன்னை அடக்கிக்கொள்ளும் முதிர்ச்சியோ பதினெட்டைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சாலைவிதிகளைப் பற்றிய தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பையன், அன்று சாயங்காலமே மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பறப்பதில் முரண் ஒன்றும் இல்லை. தேர்வு எழுதியது ஒரு திறன். சாலையில் தேவைப்பட்டது வேறு திறன்.

மூளை ஒரு பாதி என்றால், கண் மறுபாதி. ரொனால்ட் மூரண்ட், தாமஸ் ராக்வெல் ஆகிய இருவர் 1972-இல் புதிதாக ஓட்டுகிறவர்களும் அனுபவசாலிகளும் எங்கே பார்க்கிறார்கள் என்று கண் அசைவைப் பதிவுசெய்து ஒப்பிட்டார்கள். அனுபவசாலி தூரத்தில் பார்க்கிறார், அகலமாகப் பார்க்கிறார், அடிக்கடி கண்ணாடியைப் பார்க்கிறார். புதியவரின் பார்வை வண்டிக்கு முன்னால் இருக்கும் சாலையிலேயே நிற்கிறது. அவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று இன்னும் தெரியாது.

நம் சாலைகளில் எதைப் பார்க்க வேண்டும்? ஆலங்குடிப் பக்கம் முந்திரித் தோப்புக்குள்ளிருந்து ஆடு ஒன்று சாலைக்கு வந்தால் பின்னால் இன்னும் பத்து வரும் என்று தெரிய வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நிற்கும் டவுன் பஸ்ஸுக்கு முன்புறமிருந்து ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வரலாம். கந்தர்வகோட்டைச் சாலையில் எதிரே வரும் லாரியின் வெளிச்சத்துக்குப் பின்னால் விளக்கில்லாத ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருக்கலாம். தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் விடியுமுன்னே சாலையோரம் வரிசையாக வருவார்கள். மீமிசல், கோட்டைப்பட்டினம் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை நேராகவும் அகலமாகவும் இருப்பதால் வேகத்துக்கு அழைக்கிறது. அதன் இருபுறமும் ஊர்கள் இருக்கின்றன, மக்கள் அதைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று நமணசமுத்திரத்தில் தேநீர்க் கடையில் புகுந்த லாரி ஐந்து பக்தர்களைக் கொன்றது. அதை ஓட்டியது பதின்ம வயதினர் இல்லை. ஆனால் நம் நெடுஞ்சாலைகளில் ஓரம் என்பதும் மனிதர்கள் உட்காரும் இடம்தான் என்பதை அந்த விபத்து காட்டியது. இந்தப் பாடங்களைப் புத்தகத்தில் படிக்க முடியாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்கள் மெதுவாக ஓட்டித்தான் கண் பழக வேண்டும்.

டியூஷன் சென்டர் வாசலில் நிற்கும் வண்டிகளை ஒருமுறை நின்று பாருங்கள். பாதி வண்டிகளில் பக்கக் கண்ணாடி இருக்காது. கழற்றி வீட்டில் வைத்திருப்பார்கள். கண்ணாடி இருந்தால் வண்டிக்கு லுக் போய்விடும் என்பார்கள். சைலன்சரை மாற்றியிருப்பார்கள், நம்பர் பிளேட் வானத்தைப் பார்த்து மடங்கியிருக்கும். பின்னால் பார்க்கும் பழக்கம் உருவாக வேண்டிய வயதில், பார்ப்பதற்கான பொருளே வண்டியில் இல்லை.

வேகம் இரட்டித்தால் என்ன ஆகும் என்பதையும் எண்களில் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் எதிரே ஆட்டைப் பார்க்கிறார். பார்த்து, புரிந்து, பிரேக்கில் விரல் அழுந்துவதற்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றால் நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. இப்போது 120-இல் போகிறவரைப் பாருங்கள். அதே ஒன்றரை நொடியில் அவர் 50 மீட்டர் கடந்திருப்பார். முன்னவர் முழுதாக நின்றுவிட்ட இடத்தை இவர் தாண்டும்போது பிரேக் இன்னும் பிடிக்கத் தொடங்கவே இல்லை. அங்கே எது இருந்தாலும் முழு 120 வேகத்தில் மோதும். இவர் நிற்பதற்கு ஏறக்குறைய 130 மீட்டர் வேண்டும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் வளர்வதால், இரட்டை வேகத்துக்கு நான்கு மடங்கு அடி. 390 போன்ற வண்டி அந்த 120-ஐச் சில நொடிகளிலேயே எட்டிவிடும். ஸ்பிளெண்டரால் எட்டவே முடியாது. வண்டியின் சக்தி முக்கியம் என்பது இதனால்தான்: ஒரு நொடி புத்தி தடுமாறினால், அந்த ஒரு நொடியில் எவ்வளவு கேடு விளையலாம் என்பதை அது தீர்மானிக்கிறது.

நல்ல பயிற்சி கொடுத்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். நானும் அப்படி நம்பவே விரும்புவேன். ஆனால் ஆலன் வில்லியம்ஸ், பிரையன் ஓ'நீல் என்ற இரு ஆய்வாளர்கள் 1974-இல் அமெரிக்காவில் கார் பந்தய உரிமம் வைத்திருந்தவர்களின் சாலைப் பதிவுகளை, அவர்களை ஒத்த சாதாரண ஓட்டுநர்களுடன் ஒப்பிட்டபோது, பந்தயக்காரர்களுக்குத்தான் விபத்தும் அதிவேக வழக்கும் கூடுதலாக இருந்தன. வண்டியை அடக்கியாளும் திறமை அவர்களிடம் குறையவில்லை. திறமை கூடக் கூட, இன்னும் கொஞ்சம் போகலாம் என்ற எண்ணமும் கூடிவிடுகிறது. 2016 செப்டம்பரில் சென்னை கதீட்ரல் சாலையில் நிறுத்தியிருந்த ஆட்டோ வரிசைக்குள் ஒரு போர்ஷே புகுந்து ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறந்தாரே, அதை ஓட்டியவரும் பந்தயங்களில் ஓட்டிப் பழகிய இளைஞர்தான்.

இத்தனையும் சொன்னபிறகு, பிள்ளைகளைத் திட்டித் தீர்ப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. வண்டி விடுதலை தரும் என்பது இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியிலும் வயலிலும் வேலைசெய்த பெண்கள் அப்பனையும் அண்ணனையும் எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள். இன்றைக்கும் பஸ் வராத ஊர்கள் இருக்கின்றன. அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்க, வீட்டில் இருக்கும் ஒரே ஆண் பிள்ளை அந்தப் பதினேழு வயதுக்காரன்தான் என்ற குடும்பங்கள் ஆலங்குடி, அறந்தாங்கி, பொன்னமராவதிப் பக்கமெல்லாம் நிறைய. அப்பத்தாவை டாக்டரிடம் கூட்டிப்போவது அவன். தங்கச்சியைப் பஸ் ஸ்டாண்டில் இருந்து அழைத்துவருவது அவன். அந்த நேரத்தில் அவன் முப்பதைத் தாண்டுவதில்லை. "அவுங்க அப்பா வெளிநாட்டுல கஷ்டப்படுறாக, புள்ள கேட்டத வாங்கிக் குடுக்காம எப்புடிங்க இருக்குறது?" என்று ஒரு தாய் கேட்டால் அதற்குச் சட்டப் புத்தகத்திலிருந்து பதில் சொல்லிவிட முடியாது. அப்பத்தாவைக் கூட்டிப்போன பொறுப்பும் நிஜம், அதே நாள் சாயங்காலம் நண்பர்களோடு பைபாஸில் பறந்ததும் நிஜம். ஆய்வுக்கூடத்தில் பார்த்ததும் இதுவேதான்.

நம் சட்டம் இந்த வளர்ச்சியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 16 வயதில் 50 சி.சி.க்கு மிகாத, கியர் இல்லாத வண்டி ஓட்ட அனுமதிக்கிறது. எக்ஸ்எல் 100-கூட 99.7 சி.சி. ஆகவே அந்த அனுமதி கிட்டத்தட்ட ஏட்டோடு சரி. பதினெட்டு ஆனதும் எல்லாக் கதவும் ஒரே நாளில் திறந்துகொள்கிறது. எல்எல்ஆர் எடுத்து முப்பது நாள் கழித்து, ஆர்டிஓ மைதானத்தில் ஒரு ஸ்பிளெண்டரில் எட்டு போட்டுக் காட்டினால் கிடைக்கிற அதே உரிமத்தை வைத்து 1,000 சி.சி. பைக்கையும் ஓட்டலாம். ஆல்ட்டோவில் ஓட்டிக் காட்டி வாங்கிய உரிமம் போர்ஷேவுக்கும் செல்லும். பதினேழில் கிட்டத்தட்ட எதுவுமே கூடாது, பதினெட்டில் எல்லாமே ஆகலாம்.

மற்ற நாடுகள் இடையில் படிகள் வைத்தன. ஐரோப்பாவில் 16 வயதில் 125 சி.சி., 11 கிலோவாட் வரை. 18-இல் 35 கிலோவாட் வரை. சக்தி வரம்பில்லாத பைக்குகள் அதற்கும் பிறகுதான். 390 டியூக் அந்த இரண்டாம் படியின் உச்சியில் நிற்கும் வண்டி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் புதிய ஓட்டுநர்கள் டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டும் கார்களைத் தொடக் கூடாது. இத்தாலியிலும் புதியவர்களுக்குச் சக்தி வரம்பு உண்டு. நியூசிலாந்து 1987-இலேயே படிநிலை உரிமத்தைக் கொண்டுவந்தது. அங்கே கட்டுப்பாட்டு உரிமம் வைத்திருப்பவர், அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றவும் கூடாது. யாருடைய குணத்தையும் அந்த நாடு சோதிக்கவில்லை. இரவு, நண்பர்கள், அனுபவமின்மை மூன்றும் ஒன்றுசேரும் நேரத்தை மட்டும் பிரித்து எடுத்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் செய்த ஆய்வில் உரிமம் வாங்கிய முதல் சில மாதங்களில்தான் விபத்து உச்சத்தில் இருந்தது. ஆறு மாதத்துக்குள் வேகமாகக் குறைந்தது. காக்க வேண்டிய காலம் பத்தாண்டு இல்லை.

இங்கே 2019 செப்டம்பர் முதல் இருப்பது தண்டனை. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. தெரிந்துதான் கொடுத்தார்கள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்; தெரியாது என்றால் நிரூபிக்க வேண்டியது பெற்றோர். இன்ஷூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை உரிமம் இல்லாமல் ஓட்டிய காரணத்துக்காக வண்டி உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்கலாம். ஆர்சி புத்தகம் பெரும்பாலும் அம்மா பெயரில்தான் இருக்கிறது.

படிநிலை உரிமம் இந்தியாவுக்கு வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது வரும்வரை பதினெட்டு நிறைந்த பிள்ளை உள்ள வீடுகள் தாங்களே அதைத் தொடங்கலாம். அமெரிக்காவில் பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் ஓட்டுநர் ஒப்பந்தங்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எழுதிக்கொண்ட குடும்பங்கள் கட்டுப்பாடுகளை அதிகமாகக் கடைப்பிடித்தன. மன்னர் கல்லூரியில் முதலாண்டு சேரும் பையனுக்கு முதல் வருடம் 125 சி.சி.க்கு மேல் வேண்டாம். பக்கக் கண்ணாடி இரண்டும் வண்டியில் இருக்க வேண்டும். அம்மா, தங்கச்சி, அப்பத்தாவை ஏற்றலாம். நண்பர்களை முதல் ஆறு மாதம் ஏற்ற வேண்டாம். இரவு ஒன்பதுக்கு மேல் வண்டி வாசலைத் தாண்டாது. வண்டியில் கேமரா கிடையாது. இவற்றை அவனோடு பேசி, அவன் கையாலேயே எழுத வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக ஓட்டியிருந்தால் ஒரு விதியைத் தளர்த்திக்கொண்டு வரலாம். இதைப் பேசுவதற்கு ஏற்ற நேரம், வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முந்தைய வாரம்.